நம்பாதவளின் குரல்

அன்று காலையும் மெல்கியோர் கடுங்காப்பியை ஆற்றி பிலோமி அக்காவிடம் நீட்டினான். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் செவிப்பூட்டை மாட்டிக்கொண்டு கடலைக் கேட்டாள். சிப்பித்துறை ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையத்தில் தினமும் நடப்பதுதான். வாசலில் அவன் மனைவி ஜெசிந்தா தலை சீவிக்கொண்டிருந்தாள்.

“கரகரங்குதுல. எதையோ மறைக்கியளா?” என்றாள் பிலோமி.

“மிதவையில சிப்பி ஒட்டிருக்கும்க்கா.”

“போய்ச் சொரண்டிட்டு வா. நம்பவா வேண்டாமான்னு பெறவு பாப்போம்.”

பேரலை வருவதை முன்கூட்டியே கேட்கும் அலைச்செவிக் கருவிகளைக் கடலடியில் பதித்தபோது முதலில் எதிர்த்தவள் பிலோமிதான். அது மீனை விரட்டும் என்றாள். அபாயச் சங்கை ஊதி ஊரைக் காலிசெய்துவிட்டுத் துறைமுகம் கட்டப்போகிறார்கள் என்றாள். ஊர் அவளை நம்பியது. முதல் ஒத்திகையில் சங்கு அலறியபோது சீட்டாட்டம்கூட நிற்கவில்லை.

நிலையப் பொறுப்பாளனான மெல்கியோர் யாரிடமும் வாதாடவில்லை. சங்கைக் கழற்றிவிட்டு, ஒலிபெருக்கியின் மைக்கை பிலோமியிடம் கொடுத்தான்.

“நீங்களே கேளுங்கக்கா. ஒங்களுக்குச் சரின்னு பட்டா மட்டும் ஊருக்குச் சொல்லுங்க.”

“கள்ளன் கையிலயே சாவியக் குடுத்தாச்சு,” என்று ஜெசிந்தா சிரித்தாள்.

கரகரப்பு கேட்ட அந்தக் காலையில், பிலோமி சொன்னபடி அவன் வள்ளத்தில் போய் மிதவையைச் சுரண்டியதும் சத்தம் தெளிந்தது. சற்று நேரத்தில் பிலோமியின் கை காப்பி டம்ளரைக் கீழே வைத்தது. நிலையத்துக் கணினித் திரை சிவந்ததை அவள் பார்க்கவே இல்லை. கேட்டுக்கொண்டே மைக்கை எடுத்தாள்.

“ஏ மக்கா, பிலோமி சொல்லுதேன். மேட்டுக்கு ஓடுங்க. வலைய விட்டுட்டு ஓடுங்க.”

ஊர் ஓடியது. ஜெசிந்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிலோமி கடைசியாக மேடேறினாள். மெல்கியோரின் வள்ளம் கரைப்பாறையை நெருங்கியபோது அலை வந்து அவனைக் கொண்டுபோனது.

இப்போது கடற்கரை முழுவதும் அதுவே சட்டம். இயந்திரத்துக்குக் குரல் கிடையாது. ஊரில் அதிகம் சந்தேகப்படுபவரே அதைக் கேட்டு எச்சரிக்க வேண்டும். ஐயக்குரல் என்று அதற்குப் பெயர். சிப்பித்துறை நிலையத்தை ஜெசிந்தா பார்த்துக்கொள்கிறாள்.

“பிலோமி அனுப்பித்தானே உன் புருசன் போனான்?” என்று கேட்பவர்கள் உண்டு.

“அவிய சொரண்டலன்னா அக்காவுக்குக் கேட்டிருக்காது. அக்கா சொல்லலன்னா நாம யாரும் ஓடியிருக்க மாட்டோம்,” என்பாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இருவருக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொள்வாள்.

இன்று காலையும் கடுங்காப்பியை ஆற்றி நீட்டினாள்.

“இன்னும் நம்பலியாக்கா?”

“நம்பிட்டா எனக்கு இங்க என்னட்டி சோலி?” என்றபடி பிலோமி செவிப்பூட்டை மாட்டிக்கொண்டாள்.