பகலில் தட்டி இறக்கிய வீடு

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி சும்மா நல்லது செய்ய வந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? அவளுடைய அம்மா ஆப்பியா சந்தையில் சேப்பங்கிழங்கு விற்பவள் என்றால் சுத்தமாக நம்பமாட்டார்கள். சமோவாவில் செஃபினாவுக்கு நேர்ந்தது அதுதான்.

புதிதாக ஊழியம் தொடங்க விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் அறிவித்தார். பெரியவர்கள் எல்லாரும் திடீரென்று மும்முரமாக விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

செஃபினா எழுந்தாள். ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். தன் வயதுப் பிள்ளைகளான லோசாவும் இயோவானேயும் கூட வருவார்கள் என்றாள். அந்த இருவருக்கும் அப்போதுதான் விஷயம் தெரியும்.

முதல் வீட்டில் ஒரு விதவை. பிள்ளைகள் கொண்டுபோன, தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பாய் கொடுத்தாள். இரண்டாவது வீட்டில் ஒரு கோழியைக் காலைக் கட்டிக் கொடுத்தார்கள். கொடுத்தவரை வெறுங்கையோடு அனுப்புவது அந்த ஊரில் வழக்கமில்லை.

ஊர் கண்ணைச் சுருக்கிக்கொண்டது. சந்தைக்காரி மகள் புதுக்கடை போட்டுவிட்டாள் என்றார் ஒருவர். அவள் அப்பா ஆலய மூப்பர் பதவிக்கு அடிபோடுகிறார் என்றார் இன்னொருவர். கோழி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வீடு துயிலோமா தாத்தாவுடையது. கால்வலியால் ஆறு மாதமாக ஆலயத்துக்கு வராதவர். தனி ஆள். அங்கே வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். மழை வந்தால் மட்டும் ஓலைத் தட்டியை இறக்குவார்கள். பிள்ளைகள் வருவதைப் பார்த்ததும், நல்ல வெயிலில் அவர் தட்டியை இறக்கினார்.

"யார் அனுப்பினாங்க உங்கள?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரும் அனுப்பல தாத்தா. நாங்களாத்தான் வந்தோம்."

"அப்ப இன்னும் மோசம். எடுத்துட்டுப் போங்க."

அதோடு விடவில்லை. மூப்பர் லேயோட்டாவுக்குப் புகாரும் சொல்லி அனுப்பினார். லேயோட்டாவுக்கு ஏற்கெனவே அந்தக் கோழி உறுத்திக்கொண்டிருந்தது. செஃபினாவைக் கூப்பிட்டார்.

"இன்னொரு புகார் வரட்டும், ஞாயித்துக்கிழமையோட உங்க ஊழியத்துக்கு ஆமென்."

இந்த வீட்டை விட்டுவிடலாம் என்றாள் லோசா. செஃபினாவுக்கு மனம் வரவில்லை. அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. தட்டியின் இடுக்கில் தெரிந்த கண், பொட்டலத்தை விட்டு நகரவே இல்லையே! அம்மாவின் கடையிலும் அவள் அப்படிப்பட்ட கண்களைப் பார்த்திருக்கிறாள். கிழங்கைத் தடவிப் பார்த்து, சொத்தை என்று சொல்லிவிட்டு, தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். அவர்களுடைய பை காலியாக இருக்கும்.

துயிலோமாவிடம் திருப்பிக் கொடுக்கப் பாயும் இல்லை, கோழியும் இல்லை.

மறுநாள் அவள் வெறுங்கையோடு போனாள். தட்டி இறங்கியது. அவள் வாசலில் உட்கார்ந்து, முற்றத்துச் சீமைப்பலா மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"தாத்தா, இந்தக் காய் எங்களுக்குத் தருவீங்களா? பார்க்கப் போற வீடுகளுக்குச் சமைக்கணும். அஞ்சு போதும்."

இடுக்கில் தெரிந்த கண் மரத்தின் பக்கம் திரும்பியது.

"எத்தன வீடு?"

"ஆறு."

"ஆறு வீட்டுக்கு அஞ்சு காயா? நல்லாயிருக்கு உன் கணக்கு." தட்டி பாதி ஏறியது.

"அப்ப ஏழு?"

"பத்து. அதுக்குக் கொறஞ்சு தரமாட்டேன்."

செஃபினா கொஞ்ச நேரம் கன்னத்தில் கைவைத்து யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, போனால் போகிறது என்பதுபோல் தலையாட்டினாள். இயோவானே மரத்தில் ஏறினான்.

அடுத்த நாள், சமைத்த காயில் ஒரு தட்டு துயிலோமாவின் முன்னால் வந்தது. அதற்குள் பாம்பு இருப்பதுபோல் அவர் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

"காய் தந்தீங்கல்ல தாத்தா. சும்மா வாங்கிட்டு வந்தா எங்கம்மா திட்டுவாங்க."

பதிலுக்கு வருவதை வேண்டாம் என்பது மரியாதையில்லை. வசமாக மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்துவிட்டது. "சந்தைக்காரி மக" என்று முணுமுணுத்தபடியே தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டார். தட்டி அன்று இறங்கவில்லை.

ஞாயிறு வந்தது. பிள்ளைகளின் ஊழியத்தைப் பற்றி யாருக்காவது புகார் உண்டா என்று கேட்டார் லேயோட்டா.

"ஒண்ணு இருக்கு" என்றது வாசல் பக்கம் ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். வெள்ளைச் சட்டையில் துயிலோமா. ஒரு கை லோசாவின் தோளில், மறுகை இயோவானேயின் தோளில்.

"பத்துக் காய் எடுக்கச் சொன்னேன். ஒம்பதுதான் பறிச்சிருக்காங்க. நாளைக்கு வந்து மிச்சத்த எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

செஃபினா அந்தப் பத்தையும் இரண்டு முறை எண்ணியிருந்தாள். ஆனால் பேரத்தில் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.