கொக்கி மாறிய ஊதாங்கோல்

ஆறே முக்காலுக்குச் சங்கு ஊதியதும் நாச்சிமுத்து வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் முப்பது பேர். சுவர்ப் பலகையில் அவரவர் பெயர் எழுதிய கொக்கியில் ஒரு குழாய் தொங்கும். அதை எடுத்து மூச்சுமானியின் வாயில் செருகி, வயிறு ஒட்டும்வரை ஊதிவிட்டு, திரும்ப மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். குழாய்க்குக் கம்பெனி வைத்த பெயர் சுவாசநுனி. கோயம்புத்தூர் வார்ப்பாலையில் அப்படியெல்லாம் யார் சொல்வார்கள்? ஊதாங்கோல்தான். அடுப்பு ஊதுகிற வீடு ஊருக்குள் ஒன்றுகூட இல்லாத காலத்திலும் அந்தச் சொல் மட்டும் சாகவில்லை.

ஊதாங்கோலுக்குள் ஒரு சில்லு இருக்கும். யார் பேர்ச் சில்லோ அவர் பேரில் மூச்சு பதிவாகும். அன்றைக்குக் கான்டீனில் அவர் தட்டில் என்ன விழும், எந்தப் பகுதியில் வேலை, எத்தனை நிமிடம் நன்காற்று அறையில் உட்கார வேண்டும், எல்லாம் மூச்சுமானி சொன்னபடிதான். உடம்பில் கோளாறு என்றால் அதை வெளியே சொல்லாது. அவரவர் கைப்பட்டைக்கும் நலக்கூடத்துக்கும் மட்டும் போகும். குணமாகிவிட்டால் மட்டும் வாய்விட்டுச் சொல்லும்.

அன்றைக்கும் சொன்னது. "அகிலாண்டம், நலம் திரும்பியது."

வரிசை மொத்தமும் கை தட்டியது. அது அந்த ஆலையின் பழக்கம். யார் தேறி வந்தாலும் தட்டுவார்கள், காவலாளி ஒரு இளநீரை வெட்டி நீட்டுவார். அகிலாண்டம் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டு போனாள்.

"ஒரு இளநிக்கு இத்தன நாள் சீக்கு வந்து கெடந்தாளாட்டிருக்குது" என்றான் பின்னால் நின்ற திருமூர்த்தி. சிரிக்கத் தொடங்கியவன் இருமலில் போய் முடித்தான்.

"என்றா, தொண்டைல கல்லு மாட்டிக்கிச்சா?" என்றார் நாச்சிமுத்து.

"மார்கழிப் பனிங்ணா. பட்டைல சுத்தமா நலம்னுதான் வருது. மிஷினே சொல்லீருச்சு, அப்பறம் என்னுங்?"

நாச்சிமுத்துவின் முறை வந்தது. தன் கொக்கியில் தொங்கியதை எடுத்து ஊதினார். அது அவருடைய ஊதாங்கோல் இல்லை.

பதினொரு மாதத்துக்கு முன்னால், வேலை முடிந்த ஒரு மாலையில், அவரும் திருமூர்த்தியும் தங்கள் ஊதாங்கோல்களைக் கொக்கி மாற்றி மாட்டினார்கள். யோசனை நாச்சிமுத்துவுடையது. அவருக்கு அறுபத்தொரு வயது. நாற்பது வருடம் மணல் தூசு தின்றவர். நெஞ்சுக்குள் மணல்நோய் உட்கார்ந்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. திருமூர்த்திக்கு முப்பத்தெட்டு, ஆள் இரும்பு. முன்பொரு முறை உருகிய இரும்பு நிரம்பிய கரண்டி சரிந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்து அவனைக் காப்பாற்றியவர் நாச்சிமுத்து. அதனால் அவன் முடியாது என்று சொல்லவில்லை.

"எம்பட மூச்சு உங்க பேருல போகும். உங்க மூச்சு எம்பட பேருல வந்தா என்னைக் கூப்புடுவாங்களேங்ணா?"

"கூப்புட்டா போ. போயி நேருல ஊதிக் காட்டு. சின்னப் பையன், உன்னை என்ன பண்ணீருவாங்க?"

பேச்சு அவ்வளவுதான். தன் நோயை அவன் தலையில் கட்டுகிறோமே என்று அன்றைக்கு அவருக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் மாற்றித்தான் மாட்டியிருப்பார்.

அவருக்கு அந்த இயந்திரத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. முன்காப்புச் சட்டம் வருவதற்கு முன்னால், வேறொரு ஆலையில், அவருடைய மச்சான் ரங்கணனை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார்கள். இலவசம் என்றார்கள், பழமும் ரொட்டியும் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதத்தில் ஆள் போய்விட்டான். பிறகு சட்டம் மாறியது. நோய் வருவதற்கு முன்பே பார்க்க வேண்டியது முதலாளியின் கடமை, நோயைச் சொல்லி யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்றார்கள். நாச்சிமுத்துவுக்குக் காகிதத்தில் எழுதினதெல்லாம் ஒன்றுதான். சும்மா சோறு போட்டு நெஞ்சைத் தடவிப் பார்க்கிறவன் எதற்கோ அளவெடுக்கிறான் என்பது அவர் கட்சி.

மாற்றி மாட்டிய இரண்டாம் மாதம் அவர் கைப்பட்டை அதிர்ந்தது. நலக்கூடத்தில் செவிலி பர்வீன் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, மூச்சுல மணல்நோயோட ஆரம்பம் தெரியுது. பயப்பட ஒண்ணுமில்ல. மூணு தடவ நுரையீரல் கழுவுனா பழையபடி ஆயிரும். சம்பளத்தோட லீவு."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. கல்லைக் கடித்துத் துப்புகிறவனுடைய மூச்சைக் கொடுத்தாலும் நோய் என்கிறதே! அப்படியென்றால் இது மூச்சைப் பார்க்கவில்லை, வயசைப் பார்க்கிறது. கிழவனை வெளியே தள்ள வழி தேடுகிறது. தான் நினைத்தது சரிதான் என்று அவருக்கு ஒரு திருப்திகூட வந்தது.

"எனக்கு வேண்டாம் சாமி."

"ஒரு ஸ்கேனாச்சும் எடுத்துக்கங்க."

"அதும் வேண்டாம். கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு உங்க சட்டத்துல இருக்குதில்ல?"

இருந்தது. வேண்டாம் என்று விரல்ரேகை வைத்துவிட்டு வந்தார். ஐந்தாம் மாதம் ஒரு முறை, எட்டாம் மாதம் ஒரு முறை பர்வீன் கூப்பிட்டாள். கடைசி முறை அவள் கெஞ்சினாள். அப்போதும் ரேகைதான். திருமூர்த்தியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பயந்துகொண்டு ஊதாங்கோலைத் திரும்பக் கேட்பான் என்று வாயை மூடிக்கொண்டார்.

சிகிச்சையை வேண்டாம் என்றவர் மற்றதை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூச்சுமானி அவரை வார்ப்புகளிலிருந்து மணல் உதிர்க்கும் பகுதியிலிருந்து எடுத்து, அச்சு மரங்களை அடுக்கி வைக்கும் அறைக்கு மாற்றியது. அங்கே தூசு இல்லை. முதுகு சாய நாற்காலி இருந்தது. தட்டில் தினமும் இரண்டு முட்டையும் கீரையும் விழுந்தன. நன்காற்று அறையில் நாளைக்கு ஒரு மணி நேரம். "வயசுக்குக் குடுத்தாங்கடா" என்று திருமூர்த்தியிடம் சொன்னார். அவனும் நம்பினான். தன் பட்டையில் நாள் தவறாமல் நலம் என்றே வந்ததில், அது யார் மூச்சு என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. "நல்லா இருங்ணா" என்று சொல்லிவிட்டு, இவர் விட்டுப்போன இடத்துக்கும் சேர்த்து அவனே மணல் உதிர்த்தான்.

அன்றைக்குப் பத்து மணி இருக்கும். நாச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார். மணல் பகுதியில் கூச்சல் கேட்டது. ஓடினார். திருமூர்த்தி கீழே கிடந்தான். அவனுடைய முகக்கவசத்தின் உட்புறம் சிவப்பாக நனைந்திருந்தது.

நலக்கூடத்தில் பர்வீன் திரையைப் பார்த்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசினாள். "இல்லைங்க டாக்டர், நுரையீரல் இல்ல. பதினொரு மாசமும் சுத்தமா இருக்கு. இன்னைக்குக் காலைலகூட நலம்தான். வயித்துல புண் வெடிச்சு ரத்தம் மேல வந்திருக்கும். ஆமாங்க, வயித்துக்கே பாருங்க. தூக்கிட்டு வர்றோம்."

நாச்சிமுத்து வாசற்படியில் நின்றார். கையில் உரித்த முட்டை இன்னும் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணம் கணக்குப் போட்டார். அந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் பின்னாளில் அவருக்கு உடம்பு கூசியது. படுக்கையை வண்டியில் ஏற்றப் போனார்கள்.

"வவுறு இல்ல சாமி" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினார். "வவுறு இல்ல! நெஞ்சு. நீ என்னைக் கூப்புட்டுச் சொன்னயில்ல, அந்த மூச்சு அவன்து."

பர்வீன் திரும்பினாள்.

"ஊதாங்கோலை மாத்திக்கிட்டோம். எனக்குன்னு நீ காட்டுனது பூராவும் அவன் நெஞ்சு."

அவள் திட்டவில்லை. ஓடிப்போய் டாக்டரிடம் மாற்றிச் சொன்னாள். வண்டி போன பிறகு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மூணு தடவ கூப்புட்டேனே அண்ணா. மூணு தடவ. அவரு இருமுறதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒரு தடவகூட உங்களுக்குத் தோணலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். படிக்காதவன், எனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருந்தால் அவளும் விட்டிருப்பாள்.

"தோணுச்சு" என்றார். "ஐப்பசில ஒரு நாளு. டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். இருமிக்கிட்டே இருந்தான். அப்பத் தோணுச்சு. டீ ஆறிப்போச்சு, எந்திரிச்சு வந்துட்டேன்."

நாற்காலியும் இரண்டு முட்டையும் போய்விடும் என்று அப்போது நினைத்ததை அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை.

அன்றைக்கே அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இந்த முறை ரேகையைச் சரி என்று வைத்தார். படத்தைப் பார்த்த டாக்டர் இரண்டு முறை பெயரைச் சரிபார்த்தார். நாற்பது வருடம் மணல் தின்ற நெஞ்சு கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. சிலருக்கு உடம்பு வாகு அப்படி என்றார் டாக்டர். திருமூர்த்தியின் நுரையீரலில் பாதிதான் மிச்சம். இரண்டாம் மாதத்திலேயே கழுவியிருந்தால் முழுதும் தேறியிருக்கும். உயிருக்குப் பயமில்லை, ஆனால் மாடிப்படி ஏறக்கூட இனி உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற வேண்டும்.

நாச்சிமுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். திருமூர்த்தியின் மனைவி யாழினி எழுந்து நின்று ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்காரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மூக்கில் குழாயோடு திருமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப நலம் நலம்னு எனக்கு வந்ததெல்லாம் உங்களுதுங்களா?"

"ஆமாண்டா."

"மிஷினு பொய் சொல்லலீங்ணா" என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

யாழினி சொன்னாள்: "போயிட்டு வாங்க." அவர் வெளியே வரும்போது, ஸ்டூலை அவள் பழைய இடத்துக்கு இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

வேலை போகவில்லை. கம்பெனி ஆட்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள், எழுதிக்கொண்டார்கள், கண்டித்தார்கள். அனுப்பவில்லை. ஆயுசு பூராவும் எதற்குப் பயந்தாரோ அது, செய்யக் கூடாததைச் செய்த பிறகும் நடக்கவில்லை. அனுப்பியிருந்தால் தலை நிமிர்ந்து திட்டிக்கொண்டாவது போயிருப்பார். திருமூர்த்திக்கு முழுச் சம்பளமும் வைத்தியமும் கடைசி வரைக்கும் உண்டு என்றார்கள். அந்தக் காகிதத்தையும் அவர் நம்பவில்லை. ஆனால் மாதம் பிறந்ததும் அது நடந்தது.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனார். மணல் பகுதிக்கே போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். வரிசையில் முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் அவரோடு பேசவில்லை. அவர் முறை வந்தது. பலகையில் திருமூர்த்தியின் கொக்கி காலி. தன் கொக்கியில் தன் ஊதாங்கோலை யாரோ மாட்டி வைத்திருந்தார்கள். எடுத்தார். செருகினார். வயிறு ஒட்டும்வரை ஊதினார்.

நலக்கூடத்தில் எதைத் திருத்தினார்கள் என்பதெல்லாம் வாசல் கருவிக்குத் தெரியாது. இந்தப் பேரில் கடைசியாக வந்தது நோய் மூச்சு, இன்றைக்கு வந்தது நல்ல மூச்சு. அவ்வளவுதான் அதற்கு.

"நாச்சிமுத்து, நலம் திரும்பியது."

கைகள் பழக்கத்தில் தட்டிவிட்டன. இரண்டு தட்டு, மூன்று தட்டு. பிறகு யாருக்குத் தட்டுகிறோம் என்று தெரிந்து, முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். காவலாளி மட்டும் வெட்டிய இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.