உடனிருக்கும் ஒரு மணி நேரம்

ஒன்பதாம் நாள் மாலைதான் அவள் அதைக் கவனித்தாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

இரண்டு வருடமாக ஒழுகும் குழாய் அது. அடியில் வைத்த பிளாஸ்டிக் வாளியில் 'டொக்' என்று விழும், நாலு மூச்சு விடும் நேரம் சும்மா இருக்கும், மறுபடி 'டொக்' என்று விழும். பிளம்பர் 'நாளைக்கு வரேன்' என்று மூன்று முறை சொல்லி வராமலே போனதில், அந்தச் சத்தம் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி ஆகிப்போயிருந்தது. இப்போது துளி திரள்கிறது, நீள்கிறது, அறுந்து விழுகிறது, வாளித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை விரிகிறது, ஆனால் காதுக்கு எதுவும் வந்து சேரவில்லை. கையை நீட்டினாள். உள்ளங்கையில் சில்லென்று விழுந்தது. ஃபிரிட்ஜின் உறுமல் கேட்டது, கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவது கேட்டது. அப்படியானால் காது அடைக்கவில்லை.

பல் செட் செய்யும் லேபில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். நாள் முழுக்க அரவைச் சக்கரத்தின் கீச்சொலி, உருகும் மெழுகின் வாசம், விரலிடுக்கில் காய்ந்த பிளாஸ்டர். மேல்தாடை அச்சையும் கீழ்த்தாடை அச்சையும் கருவியில் பூட்டித் தட்டிப் பார்த்தால், எந்தப் பல் ஒரு மயிரிழை உயரம் என்று கேட்கும் ஒலியை வைத்தே சொல்லிவிடுவாள். "ஊருக்கெல்லாம் கடி பொருத்தறீங்க, உங்களுக்கு ஒரு ஜோடி பொருந்த மாட்டேங்குதே" என்று லேப் முதலாளி அம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளும் சிரித்தாள். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

வயது நாற்பத்தொன்று. ஒன்றரை வருடம் அந்தத் துணை தேடும் செயலிகளில் கிடந்து புரண்டிருந்தாள். முகங்களை இடது பக்கமும் வலது பக்கமும் தள்ளித் தள்ளி, கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருவன் ஆறு வாரம் தினமும் பேசினான். ஏழாவது வாரம் ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்தான். ஏன் என்று தெரிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

தங்கைதான் புதியதைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். 'உடனிரு' என்று பெயர். "இதுல போட்டோ கிடையாதுக்கா, தள்ற வேலையும் கிடையாது. எல்லா ஆப்பும் ஒரே மாதிரி ஆயிடுச்சுன்னு இவங்க புதுசா யோசிச்சிருக்காங்க. சும்மா ட்ரை பண்ணேன்."

உண்மையிலேயே புதுசுதான். இரண்டு பேரை இணைப்பார்கள். தினமும் ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை இருவர் வீட்டிலும் போன் திறந்திருக்கும். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும். அந்த வீட்டுச் சத்தம் இங்கே கேட்கும், இந்த வீட்டுச் சத்தம் அங்கே கேட்கும். இருபத்தொரு நாள் அப்படி உடனிருந்த பிறகே சந்திப்பு. அவளைப் பிடித்து நிறுத்தியது கடைசி விதி. இடையில் விலக நினைப்பவர் சொல்லாமல் ஓட முடியாது. எதிரில் இருப்பவருக்குக் கேட்கும்படி 'போதும்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும் வரை இரண்டு வீடும் இணைந்தே இருக்கும்.

நல்ல விதி என்று நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் ஏழு மணிக்குப் போனை மேஜைமேல் வைத்தாள். வழக்கம்போல அவன் வீட்டுக்குள் வந்தான்: சாவிக்கொத்தைப் போடும் சத்தம், இடது காலை லேசாக இழுத்து நடக்கும் நடை, ஒரு சின்னக் கனைப்பு. எட்டு நாளில் அந்த நடையை அவள் நேசிக்கத் தொடங்கியிருந்தாள். பிறகு, அவன் அடியெடுத்து வைத்து நின்ற இடைவெளியில், அது கேட்டது.

டொக்.

நாலு மூச்சு.

டொக்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வீட்டிலும் ஒரு ஒழுகல் குழாய். அவனுக்கும் வராத ஒரு பிளம்பர். இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

"ஆள் யாருன்னே தெரியாம, தண்ணி சொட்டற சத்தத்துக்கா மயங்கிட்ட?" என்று தங்கை போனில் கேலி செய்தாள்.

"நீ மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து மயங்கினியே, என்னடி கண்ட?"

"அதுவும் சரிதான்" என்றாள் தங்கை. இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

பதினோராம் நாள், போனுக்குள் மின்விசிறி ஓடத் தொடங்கியது. கடக் கடக் கடக், ஒரு நிறுத்தம், கடக். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. மூன்று, நிறுத்தம், ஒன்று. அந்தத் தாளத்தில்தான் இத்தனை வருடம் அவள் தூங்கியிருக்கிறாள். மெல்லத் தலையைத் தூக்கினாள். அவள் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. காற்று நெற்றி முடியைக் கலைத்தது. தண்ணீர் ஆழத்துக்குள் சுழல்வதுபோல், ஓசையே இல்லாமல். எழுந்து மர நாற்காலியைத் தரையில் தரதரவென்று இழுத்தாள். கால்கள் தரையைக் கீறிய அதிர்வு உள்ளங்கை வரை ஏறியது. நாற்காலி போட்ட கிறீச்சிடல் போனிலிருந்து வந்தது.

அவன் வீட்டில் இன்னொரு ஒழுகல் குழாய் இல்லை. அது அவளுடைய குழாய்.

போனைக் கையில் எடுத்தாள். 'விலக விரும்புகிறீர்களா? போதும் என்று சொல்லுங்கள்' என்ற எழுத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள். அந்த ஏழாவது வாரம் ஞாபகம் வந்தது. பதில் வராத போனை வைத்துக்கொண்டு, குளியலறையில் துண்டைக் கடித்து அழுதது ஞாபகம் வந்தது. இன்னும் பத்து நாள்தானே, என்று தோன்றியது. விசிறிச் சத்தம் இல்லாமல் மனிதர்கள் வாழ்வதில்லையா?

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பதின்மூன்றாம் நாள் வேண்டுமென்றே ஒரு எவர்சில்வர் தட்டைக் கையிலிருந்து நழுவ விட்டாள். தட்டு தரையில் மோதி, விளிம்பில் நின்று சுழன்று, சுழன்று, படிந்தது. ஊமையாக. போனுக்குள் கணீரென்று மோதி, உருண்டு, அடங்கியது. அதைத் தொடர்ந்து, அடித்தொண்டையில், தூக்கக் கலக்கம் மாதிரி ஒரு ஆண் குரல்:

"பாத்து... பாத்து. கால்ல போட்டுக்காத."

அவ்வளவுதான். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலில் போட்டுக்கொள்ளாதே என்று அவளிடம் யாராவது சொல்லி எத்தனை வருடம்? பயம் போகவில்லை. பயத்தோடு பயமாக, நெஞ்சு முழுக்க அந்தக் குரலும் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று எட்டு மணிக்குப் போன் அணைந்தபோது, அதை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு நிமிடம் கொடு என்று யாரிடமோ கெஞ்சினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகப் போனது. பாத்திரங்களின் ஓசை. கதவின் கிறீச். பதினாறாம் நாள், அவளுடைய காலடி. லேபுக்குள் நுழைந்து முதலாளி அம்மாவின் மேஜை அருகே நின்றாள். நிமிர்ந்து பார்த்த அந்த அம்மா பதறி, கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டாள்.

"எப்ப வந்தீங்க? பூனை மாதிரி வந்து நிக்கறீங்களே, உயிரே போயிடுச்சு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் கால்களை ஒருமுறை பார்த்தாள். அன்று முழுக்க அவள் பக்கம் வரவில்லை.

மாலையில் பல் அச்சுகளைக் கருவியில் பூட்டித் தட்டினாள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் மோதின. எதுவும் கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி. பிளாஸ்டர் பொடிந்து விரலில் ஒட்டியது. பதினெட்டு வருட வேலை அவள் கையிலேயே செத்துக் கிடந்தது.

அன்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையை. நாளைக்கு, என்று நினைத்தாள். அவன் குரலை இன்னொரு தடவை கேட்டுவிட்டு.

பத்தொன்பதாம் நாள் காலை தங்கை கூப்பிட்டாள். "ஹலோ?" என்றாள் அவள். உதடு அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்தது.

"ஹலோ? அக்கா? லைன்ல இருக்கியா? ஒண்ணுமே கேக்கலையே..."

கத்தினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை கத்தினாள். மூச்சுதான் உஸ்ஸென்று வந்தது. தங்கை போனை வைத்துவிட்டாள்.

அன்று ஏழு மணிக்கு அவன் வந்தான். சாவிக்கொத்து. இழுத்து வைக்கும் நடை.

"வந்துட்டேன்மா. என்ன, இன்னிக்கு லேட்டா?"

"முதலாளி அம்மா விடலையே" என்றது ஒரு பெண் குரல். "கை கழுவிட்டு வாங்க."

அது அவள் குரல். களைப்பும் செல்லமும் கலந்த குரல். அவளே இதுவரை ஒருவரிடமும் பேசியிராத குரல்.

போனை எடுத்தாள். சிவப்புப் புள்ளி மின்னியது. போதும். உதட்டைக் கூட்டிச் சொன்னாள். போதும். போதும். போதும். 'உங்கள் குரல் கேட்கவில்லை. மீண்டும் சொல்லுங்கள்' என்றது திரை.

போனை அணைத்தாள். வீடு முழுக்க அப்படியொரு அமைதி வந்து இறங்கியது. தெரு இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. தன் எச்சிலை விழுங்குவது தனக்கே கேட்கவில்லை. மண்ணுக்குள் கண் விழித்தவளைப்போல் தவித்தாள். இரண்டு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. மறுபடி போனைப் போட்டாள். அவள் வாழ்க்கை கேட்கிற இடம் இப்போது அது ஒன்றுதான்.

தங்கைக்கு எழுதினாள்: 'வா. உடனே வா. எனக்கு என்னமோ ஆகுது.'

பதில் வந்தது: 'என்னக்கா விளையாட்டு? இப்பதானே பேசி வச்சோம். நாளன்னிக்கு ஏழு மணிக்கு வரேன்னு சொன்னேனே. மாமாவைப் பாக்க எனக்கும் ஆசையா இருக்கு.'

இருபத்தொன்றாம் நாள்.

ஆறரைக்கே வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மடியில் போன். கண் படிக்கட்டின்மேல். பெரிய எழுத்தில் எழுதிய தாள் கையில்: 'நான் இங்கேதான் இருக்கிறேன்.' தங்கை படியேறி வருவாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் விடவே கூடாது.

ஏழு.

போனுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

படிக்கட்டில் யாரும் இல்லை.

"வாடி, வா! வழி தெரிஞ்சுதா?" அவள் குரல்.

"எத்தனை தடவை வந்திருக்கேன், வழி தெரியாதா?" தங்கையின் குரல். "வீடே மாறிப்போச்சுக்கா. எவ்ளோ கலகலன்னு இருக்கு. வணக்கம் மாமா."

"வாம்மா. உக்காரு."

அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். வெறும் படிக்கட்டு. வெறும் சுவர். குனிந்தாள்.

வாசலில் தங்கையின் செருப்பு இருந்தது. நீல வார் போட்ட, புதுச் செருப்பு. தொட்டாள். உள்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் பெரிய ஆண் காலணி. இடது குதிகால் தேய்ந்திருந்தது.

உள்ளே திரும்பினாள். ஓடினாள். கூடம். சமையலறை. படுக்கையறை. காற்றைக் கைகளால் துழாவினாள். எதுவும் தட்டுப்படவில்லை. மேஜையைக் குத்தினாள். விரல் முட்டிகள் சிவந்தன. தோல் கிழிந்தது. போனுக்குள் அவர்கள் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். தங்கை அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

திடீரென்று தங்கை சிரிப்பை நிறுத்தினாள்.

"அக்கா... யாரோ மூச்சு விடற மாதிரி கேக்குதே?"

"அதுவா? அந்த ஆப்புடி. எட்டு மணி வரைக்கும் ஓடும்." அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "பாவம். அந்தப் பக்கம் யாரோ தனியா இருக்காங்க."

"நிறுத்தக் கூடாதா?"

"தானா நின்னுடும்" என்றான் அவன். "இன்னியோட கடைசி."

மணி ஏழு ஐம்பத்தைந்து.

"சரிக்கா, நான் கிளம்பறேன். பஸ் போயிடும்."

அவள் வாசலில் போய் விழுந்தாள். இரண்டு கையாலும் அந்த நீலச் செருப்பைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சோடு சேர்த்து, முழு பலத்தோடு. கொஞ்ச நேரத்தில் செருப்பின் வார் மெல்ல உப்பியது. அடிப்பாகம் அழுந்தியது. வெறும் காற்றுக்குள் ஒரு பாதத்தின் கதகதப்பு.

"என்னடி?"

"தெரியலக்கா. செருப்பு எதிலயோ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"உதறிட்டுப் போடி."

விடவில்லை அவள். விரல்கள் வெளுத்தன. செருப்பு ஒருமுறை உதறியது. நகம் ஒன்று பிய்ந்தது. இன்னொரு முறை உதறியது.

கை நழுவியது.

மணி எட்டு. திரை அணைந்தது.

நீலச் செருப்பு இரண்டும், உள்ளே கால் இல்லாமல், ஒன்று மாற்றி ஒன்று, படி படியாகக் கீழே இறங்கிப் போயின. ஒவ்வொரு படியிலும் ரப்பர் அழுந்தி, மடிந்து, நிமிர்ந்தது. வளைவில் ஒரு நொடி நின்றன, எதையோ மறந்துவிட்டதுபோல. பிறகு திரும்பி, சுவருக்கு அப்பால் மறைந்தன.

தரையில் கிடந்தபடி அவள் வாயை அகலத் திறந்து, திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.