இல்லையென்றால் நடங்கள்

"போதும் சார், ஓய்வெடுங்க" என்று டாக்டர் ஷ்யாம்சுந்தர் மைக்கில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஆனாலும் திரையில், பத்ரிநாராயணனின் மூளைக்குள் எரிந்த ஆரஞ்சுத் திட்டு அணையவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரமா நின்றிருந்தாள். அந்தப் பக்கம், எம்.ஆர்.ஐ. குழாய்க்கு வெளியே அவள் புருஷனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வண்டலூர் அருகே லாரி இடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கண் திறந்திருக்கும், கூரையைப் பார்க்கும், அவ்வளவுதான். நினைவே இல்லை என்று மூன்று ஆஸ்பத்திரிகளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தாம்பரத்துக்குப் புதிதாக வந்த இந்தச் சோதனையோ, ஒருவர் யோசிக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்பதை உடனுக்குடன் காட்டியது. வாய் திறக்காதவரிடம் பதில் வாங்க டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார்.

"ஆமாம்னா கேரம் ஆடறதா நினைங்க சார். இல்லேன்னா உங்க வீட்டுக்குள்ள நடக்கறதா நினைங்க. வாசல், ஹால், கிச்சன், பெட்ரூம்."

இரண்டுக்கும் மூளையில் வேறு வேறு இடம் எரியும். மனைவி பெயர் ரமாவா என்று டாக்டர் கேட்டார்; அவர் கேரம் ஆடினார். குழந்தைகள் உண்டா என்று கேட்டார், நடந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கங்க்ராட்ஸ் மேடம்! சார் உள்ளே முழுசா இருக்கார். நீங்க பேசினதெல்லாம் கேட்டுட்டுதான் இருந்திருக்கார்."

"அது ஏன் இன்னும் எரியறது?"

"இன்னும் நடந்துட்டிருக்கார் போல" என்று டாக்டர் சிரித்தார். "வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டிட்டு வாங்க. பெரிய கேள்வியா கேட்கலாம். வீட்ல சரியா பாத்துக்கறாங்களான்னுகூடக் கேட்கணும், அது ரூல்."

ரமா திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது ஆம்புலன்ஸ் ஓட்டிய லோகுவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இன்னாக்கா சொல்றே! நாம பேசினதெல்லாம் சார் கேட்டுகினா இருந்தாரு?"

கீழ்க்கட்டளையில் அவர்கள் தெரு முழுக்க ரமாவை மெச்சியது. டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் புருஷனுக்கு மலமூத்திரம் அள்ளுகிறாளே, இவளைப் போல யார் உண்டு என்றார்கள். மெச்சியவர்களில் ஒருவர்கூட ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்ததில்லை. கதவைச் சாத்தியபின் அவள் பேசிய பேச்சு அந்த ஒரு ஜோடிக் காதுக்கு மட்டும்தான் தெரியும். "செத்துத் தொலைய மாட்டேளா" என்பது அதில் மென்மையான பேச்சு. போன ஆடியில் ஒரு பிற்பகல், தலையணையை எடுத்து அவர் முகத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். கையை எடுக்க வைத்தது அன்பு இல்லை, குக்கர் விசில். அதன்பிறகு முகம் துடைத்துவிட்டு, வழக்கம்போலக் குழாயில் கஞ்சி விட்டாள். மரக்கட்டைக்கு என்ன தெரியும் என்ற தைரியம்.

லோகு அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போனபோது மணி மூன்று. சொல்லிவைத்தாற்போலக் கரண்ட் போயிற்று. மின்விசிறி முனகிக்கொண்டே மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. டெட்டாலும் வியர்வையும் புளித்த கஞ்சியும் கலந்த வாடை அறைக்குள் தேங்கியது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று ஜன்னல் கண்ணாடியை நடுக்கிவிட்டுப் போனதும், அவர் மூச்சு விடுவது முதன்முறையாக அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. வெளிக்கதவைத் தாழிட்டு வந்தாள். கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அதற்குள் அவர் என்ன பதில் சொல்வார் என்று தெரிந்தாக வேண்டும்.

"ஏன்னா" என்றாள். "தப்புதான். மகா பாவம்தான். என்னால முடியலே... என்னை மன்னிச்சுட்டேளா?"

அவர் அசையவில்லை. கண்கள் கூரையில்.

இங்கே மெஷின் இல்லை, பதிலும் இல்லை என்று நினைத்தபோதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காக வெட்கப்பட்டாள். எழுந்திருக்கப் போனாள்.

வாசலில் ஒரு சத்தம்.

செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வைக்கும் நடை. தாழிட்ட கதவுக்கு இந்தப் பக்கம். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் கேட்காத நடை.

ஹாலுக்கு வந்தது. அவசரமில்லை.

கிச்சன். ஏதோ ஒரு பாத்திரம் மெல்ல இடறியது. ரமா அவருடைய கால்களைப் பார்த்தாள். போர்வைக்குள் அப்படியே இருந்தன. இரண்டும்.

"வேண்டாம்னா" என்றாள். "போதும். ஓய்வெடுங்கோ."

நடை நிற்கவில்லை.

பெட்ரூம் வாசல்.

திரைச்சீலை வளையங்கள் கம்பியில் நகர்ந்தன. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷமாகக் கூரையை விட்டு அகலாத அந்தக் கண்கள் அசைந்தன. மெதுவாக இறங்கி, அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதைப் பார்த்தன.