'இடிபாடு' என்று போட்டிருந்த வீடு

புது மாட்டுக்கொட்டகைக்குக் குழி வெட்டுமுன் நிலத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் ஹில்டே, பழைய போர்முனை ஊரான ஈப்பரின் சந்தையில் அந்தத் தடித்த பழைய போர் வரலாற்றுப் புத்தகத்தை வாங்கி வந்தாள். முதல் உலகப்போரின் பதுங்குகுழி வரைபடம் ஒன்று அதில் மடித்து ஒட்டியிருந்தது. அவள் வீடு நிற்கும் இடத்தில் 'இடிபாடு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது.

வரைபடத்தில், அவர்கள் உருளைக்கிழங்கு வயலின் கோடியில் யாரோ பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

மறுநாள் அந்தக் கோடு வயலின் நடுவில் இருந்தது.

அதே இடத்தில்தான் அவள் கணவன் யோரிஸின் கலப்பையில் ஒரு பீரங்கிக் குண்டு தட்டுப்பட்டது. அந்தப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. நூறு வருஷமாகத் துருப்பிடித்த குண்டுகள் கிழங்கோடு கிழங்காக வந்துகொண்டுதான் இருக்கின்றன. மின்கம்பத்தடியில் வைத்துவிட்டால் ராணுவ லாரி வந்து எடுத்துப் போகும். ஆனால் இந்தக் குண்டில் பொட்டுத் துரு இல்லை.

"தொட்டுப் பாரு," என்று யோரிஸ் கிசுகிசுத்தான். "சுடுது."

மூன்றாம் நாள் கோடு கிணற்றைத் தாண்டியிருந்தது. மாடுகள் பால் தர மறுத்துச் சுவரோரம் ஒண்டிக்கொண்டன. வீடெங்கும் ஈரக் களிமண் வாடை. அதோடு, பூண்டே இல்லாத வீட்டில் பூண்டு நாற்றம். அந்தப் போரில் வீசிய விஷப்புகைக்கு அந்த நாற்றம்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

யோரிஸ் பெட்டியைக் கட்டிவிட்டான். "கிளம்பு ஹில்டே, அக்கா வீட்டுக்குப் போயிடலாம். உசிரு இருந்தா வேற வீடு கட்டிக்கலாம்."

"நீ போய்யா. பன்னண்டு மாட்டை யாரு பாத்துக்குவா, உன் அக்காவா?"

அவன் பெட்டியோடு வாசலிலேயே நின்றான்.

தரைக்கு அடியில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

சளக். சளக்.

பட்டப்பகலில்.

ஹில்டே வரைபடத்தை விரித்தாள். அவள் கண்ணெதிரே கோடு எறும்புபோல ஊர்ந்து சமையலறைச் சுவரைத் தொட்டது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிவப்புப் பேனாவால் 'இடிபாடு' என்பதை அடித்துவிட்டு, 'ஹில்டேயின் வீடு' என்று பெரிதாக எழுதினாள். பிறகு தரையை ஓங்கி உதைத்தாள்.

"கேட்டுக்கங்கடா! நீங்க இடிச்சுட்டுப் போனதை எங்க ஆளுங்க ஒவ்வொரு கல்லா பொறுக்கிக் கட்டினாங்க. இன்னொரு தடவை விடமாட்டேன். அடுப்புல சூப் கொதிக்குது. இதுவா இடிபாடு?"

மண்வெட்டிகள் நின்றன.

விடிந்ததும் வீட்டைச் சுற்றிச் சேற்றில் நூற்றுக்கணக்கான பூட்ஸ் தடங்கள் தெரிந்தன. சுவர்வரை வந்து இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தன. வாசற்படியில் ஒன்றுகூட இல்லை. வரைபடத்திலும் கோடு வீட்டைச் சுற்றி வளைந்திருந்தது. ஹில்டே வாய்விட்டுச் சிரித்தாள்.

"சிரிக்காதே," என்றான் யோரிஸ். "இதைப் படி."

சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒழுங்கான சின்னக் கையெழுத்து. *வீடு இன்னும் விழவில்லை. நாளை மீண்டும் தாக்குக.*

அவள் பேனாவைத் திறந்து, கீழே 'வந்து பாருங்கடா' என்று எழுதினாள்.

அந்த மை காயுமுன், அதற்கும் கீழே பென்சில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றத் தொடங்கின.