ஸ்பானர் படாத இன்ஜின்

மழை வலுத்த நேரம் பார்த்து, அவ்வளவு பெரிய சாலையில் நிற்க வேறு இடமே கிடைக்காதது போல, போயும் போயும் அந்தக் கடையின் ஷட்டருக்கு நேராகத்தான் வேன் உயிரை விட்டது.

இரண்டு முறை இருமியது. வெள்ளைப் புகையைப் பெருமூச்சாக விட்டது. அப்புறம்… அமைதி.

வேன்காரன் அதிர்ந்து போனான். வண்டி என்றால் நிற்கத்தான் செய்யும். ஆனால் இந்த வண்டி நிற்காது என்று இந்த வண்டியிலேயே எழுதியிருந்தது. இரண்டு பக்கமும், கொட்டை எழுத்தில்: 'ஐந்து லட்சம் கிலோமீட்டர். ஸ்பானர் படாத இன்ஜின். காரணம், நீலப் பாட்டில்.' பக்கத்தில் அவன் அப்பாவின் படம். வேன் உரிமையாளர் சங்கத்தின் தலைவர், டீசலோடு கலந்து ஊற்றும் அந்த நீலப் பாட்டிலின் விற்பனையாளர். உலகத்தையே மன்னித்துவிட்டவர் போலக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஷட்டருக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் ஸ்பானர். குடை அவளுக்கு. ஸ்பானர் யாருக்கு என்று உடனே தெரியவில்லை.

"வண்டியை எடுங்க."

"எடுக்கத்தாங்க முடியல…"

"ஏன்?"

"நின்னுடுச்சு."

அவள் வண்டியின் பக்கவாட்டை நிதானமாகப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக. பிறகு அவனைப் பார்த்தாள்.

மழையில் நனைந்த பெண்ணின் கண்கள் மானைப் போல இருக்கும், மீனைப் போல இருக்கும் என்றெல்லாம் அவன் கேள்விப்பட்டிருந்தான். இந்தக் கண்களோ அழுத்தமானியின் முள்ளைப் போல இருந்தன. துடித்தன… மேலே ஏறின… சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றன. இப்படிப் பார்க்கப்படுவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் அவனிடம் சொன்னதே இல்லை.

"பாட்டில் ஊத்தினீங்களா?"

"ரெண்டு ஊத்தினேன்."

"நோயாளி கண்ணைத் திறக்கலன்னா இன்னும் ரெண்டு ஸ்பூன் டானிக்கா? கதை கேட்டது போதும், பிடிங்க. உள்ள தள்ளலாம்."

கடையின் பெயர்ப் பலகையைப் படித்தபோது அவனுக்கு அடுத்த அதிர்ச்சி. 'டீசல் இன்ஜெக்டர் சுத்தம் செய்து பரிசோதித்துத் தரப்படும்.' எந்த வேலை தேவையே இல்லை என்று அப்பா மேடை மேடையாக முழங்கி வந்தாரோ, அந்த வேலையின் கோட்டை வாசலிலேயே வண்டி கும்பிடு போட்டிருந்தது. கோட்டைக்குச் சொந்தக்காரியைத் தெருவில் 'நாசில்', அதாவது பீச்சுகுழல், என்று சொல்வார்கள் என்பதையும் பிறகு தெரிந்துகொண்டான். சொட்டுச் சொட்டாகப் பேசமாட்டாள். ஒரேயடியாகப் பீச்சிவிடுவாள்.

மூலையில் அவளுடைய அத்தை துடைக்கும் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கண்ணு?"

"வேன்காரர், அத்தை. இன்ஜினைத் திறக்கணும்."

"திறக்கக் கூடாதுங்க," என்றான் அவன் அவசரமாக. "அப்பாவுக்குத் தெரிஞ்சா… அடுத்த வாரம் சங்கத்துல பெரிய கூட்டம். பாட்டில் கம்பெனிக்காரர் வர்றார். ஊர் பூரா ஏஜென்சி அப்பாவுக்குத் தரப்போறாங்க. இந்த வண்டிதான் சாட்சி."

"சாட்சி பேச்சு மூச்சில்லாம கிடக்கே," என்றாள் அத்தை.

வேறு வழி? தலையாட்டினான். அவள் குழாய்களைக் கழற்றி, நான்கு இன்ஜெக்டர்களையும் ஒவ்வொன்றாக அசைத்து உருவினாள். டீசலைப் பனிப்புகையாக்கி இன்ஜினுக்குள் தூவ வேண்டிய விரல் நீள ஊசிக்குழல்கள். நுனியில் கரி கெட்டியாக அப்பியிருந்தது. துணியால் முதல் குழலின் கழுத்தைத் துடைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள். அடுத்ததைத் துடைத்தாள். அதற்கடுத்தது… முகம் வெளுத்தது.

"என்னாச்சுங்க?"

"இதை யார் கழட்டினது?"

"யாருமே கழட்டலங்க. ஸ்பானரே படாத…"

"இங்க பாருங்க."

உலோகத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகள். முதல் குழலில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. பக்கத்தில் நகக்கீறல் போல ஒரு பிறை.

"எந்த இன்ஜெக்டர் எந்த ஓட்டையிலேருந்து வந்துச்சோ அதே ஓட்டைக்குத்தான் திரும்பப் போகணும். அதுக்குப் புள்ளி. பிறை எங்க கடை அடையாளம். நான் குத்தினது. ஒரு தடவை இல்ல, வருஷா வருஷம்."

மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"அத்தை, கூடைக்காரர்…"

"அடப்பாவி மனுஷா," என்றாள் அத்தை, மடித்த துணியைக் கீழே விட்டு.

வருடத்துக்கு ஒரு முறை ஒருவர் வருவாராம். தலையில் மப்ளர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் சாப்பாட்டுக் கூடை. கூடைக்குள் துணி சுற்றிய நான்கு இன்ஜெக்டர்கள். 'சினேகிதன் வண்டியோடதும்மா' என்பாராம். வேலை முடியும்வரை வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பாராம். இந்த வருடம் மட்டும் வரவில்லை.

"நடை எப்படி இருக்கும்?" என்று அவன் கேட்டான். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"வலது தோளைக் கொஞ்சம் இறக்கி… மாலை விழப்போற மாதிரியே நடப்பார்."

இந்த வருடம் அப்பாவுக்கு முட்டி வலி. குனிந்து ஒரு போல்ட்டைத் திருக முடியாது. அவன் மெல்ல வேனின் பக்கவாட்டைப் பார்த்தான். அப்பா இன்னும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து நிமிர்ந்து பார்த்த முகம்… அந்தச் சிரிப்பு இப்போது மன்னிக்கிற சிரிப்பாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற சிரிப்பாக இருந்தது.

"இந்தப் பாட்டில் வந்த பிறகு எனக்குப் பாதி வேலை போச்சு," என்றாள் அவள். முதல் முறையாகக் குரல் தணிந்திருந்தது. "அது கொஞ்சம் அழுக்கைக் கரைக்கும். இல்லைன்னு சொல்லல. ஆனா இத்தனை தூரம் ஓடின வண்டியில கரி கல்லா இறுகியிருக்கும், அது என்ன பண்ணும்? சொன்னா யார் நம்பறாங்க, கொட்டை எழுத்துல எழுதியிருக்கே. மாசக் கடைசியில சோதனை மெஷினை வித்துடலாம்னு இருக்கேன்."



அன்று இரவு அப்பாவிடம், வண்டி பெயின்ட் கடையில் என்றான். மறுநாள் காலை கால்கள் தாமாகவே இங்கே வந்தன.

"ஆச்சுங்களா?"

"ஊறுது," என்றாள் அவள், ஒலியலையில் நடுங்கும் சுத்திகரிப்புத் தொட்டியைக் காட்டி.

அதற்கடுத்த நாளும் ஊறியது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அவளைப் பார்த்தான். தொட்டியைப் பார்ப்பதாகத்தான் அவன் எண்ணம். ஒரு பழைய இன்ஜெக்டரை மெஷினில் மாட்டி அவள் நெம்புகோலை அழுத்தினாள். கண்ணாடிக் குடுவைக்குள் டீசல் ஒரு பக்கமாக ஒழுகியது.

"இது கெட்டது. பேச்சு மட்டும் அதிகம், உள்ள ஒண்ணும் எரியாது. சங்கத்துல நிறைய பேர் இப்படித்தானே?"

"எங்க அப்பாவைச் சொல்றீங்களா?"

"பொதுவாச் சொன்னேன். உறுத்துதா?"

இன்னொன்றை மாட்டி அழுத்தினாள். நுனியிலிருந்து மெல்லிய வெண்பனி விரிந்தது… குடுவை முழுக்க ஒரு மார்கழி விடியல் பூத்து, ஓசையின்றி அடங்கியது. அதன் பின்னாலிருந்து அவள் கண்கள் சிரித்தன. அழுத்தமானி அல்ல. அவன் தப்பாகப் படித்திருந்தான்.

"வேன்காரரே, வாயை மூடுங்க. டீசல் போயிடும்."

மூலையில் அத்தை ஒரே துணியை நாலாவது தடவையாக மடித்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் திடீரென்று கேட்டாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"நானா? அப்பா பேசுவார்… நான் ஸ்டார்ட் பண்ணுவேன். அவ்ளோதான்."

"ஸ்பானர் படாத இன்ஜின்னு அவர் சொல்லும்போது?"

அவன் தரையைப் பார்த்தான். அப்பா ஊருக்கு முன்னால் தலைகுனிவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளுடைய மெஷின் விலைபோவதையும்தான்.

"அவர் என் அப்பாங்க…"

அவள் தொட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"சரி. ஊறினது போதும். காலையில மாட்டிடறேன். அந்த எழுத்தோட இனிமே இந்தத் தெரு பக்கம் வராதீங்க."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

காலையில் புதுச் செப்பு வாஷர் போட்டு, புள்ளி பார்த்து, நான்கையும் மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் வண்டி இளவட்டம் போலத் துள்ளி எழுந்தது. அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஓடும்போது காது கொடுத்துக் கேட்காமல் எந்த வண்டியையும் அவள் ஒப்படைப்பதில்லை. கோபம் வேறு, வேலை வேறு.

இன்ஜின் மட்டும் பேசியது. மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. அவள் இறங்க வேண்டிய திருப்பம் வந்தது… அவன் திருப்பவில்லை.

"எங்க போறீங்க?"

"கூட்டத்துக்கு நேரமாச்சு."

"என்னை இறக்கி விடுங்க."

"சாட்சி நீங்கதான். வண்டி இல்ல."

அவள் அதிர்ந்து திரும்பிப் பார்த்தாள். இந்த முறை அதிர்ச்சி இடம் மாறியிருந்தது.

சங்க வளாகத்தில் பந்தல், மைக், நீலப் பாட்டில்களின் கோபுரம். வேன் நுழைந்ததும் கைதட்டல். தலைவர் வலது தோளை இறக்கி மைக் முன்னால் வந்தார்.

"பெரியோர்களே… தாய்மார்களே… இதோ வருகிறது, ஸ்பானரின் நிழல்கூடத் தீண்டாத…"

கதவு திறந்தது. அவள் இறங்கினாள். தலைவரின் வாக்கியம் அந்தரத்தில் நின்றது. கை தானாக மேலே போய், இல்லாத மப்ளரை இறுக்கியது.

வேன்காரன் மைக்கை வாங்கிக்கொண்டான்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த வண்டி போன வாரம் நடுரோட்டுல நின்னுடுச்சு. ரெண்டு பாட்டில் ஊத்தியும் நின்னுடுச்சு. இன்ஜெக்டரைக் கழட்டச் சொன்னது நான். சரி பண்ணினது இவங்க. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

கம்பெனிக்காரர் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கு வழி அகலமாகத் திறந்து கிடந்தது. பிள்ளை கெட்டுப்போனான் என்று ஒரு வார்த்தை, தப்பித்திருக்கலாம். அவர் வாயைத் திறந்தார். அதே நேரம் பின்னால் இன்ஜின் சீராகச் சுற்றுவது அவர் காதில் விழுந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முகத்திலிருந்து தலைவர் இறங்கிப் போக, பழைய வேன் டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

"ஏம்மா," என்றார், மகன் கையிலிருந்த மைக்குக்கே நேராக. "அந்த மூணாவது… இப்பவும் ஒரு பக்கமாத்தான் பீச்சுதா?"

"நுனியையே மாத்திட்டேன் ஐயா. போன வருஷமே மாத்தச் சொன்னேன், நீங்கதான் அவசரப்பட்டீங்க."

போன வருஷமே என்பது ஒலிபெருக்கி வழியாகக் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு… அது பந்தலையே தூக்கியது.

தலைவர் வேன் படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் வந்து நின்ற மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பாவுக்கு எதுவும் தெரியாதுன்னு சொன்னியே."

"ஆமாப்பா."

"பொய் சொல்லவும் உனக்கு ஒழுங்கா வராது," என்றவர், முட்டியைத் தடவிக்கொண்டார். "எனக்கும் இனிமே முடியாதுடா. குனிய முடியல."

கம்பெனிக்காரர் கோபுரத்தை மளமளவென்று பெட்டிக்குள் இறக்கினார். அவளைச் சுற்றி வேன்காரர்கள் மொய்த்தார்கள். என் வண்டி காலையில புகையுது, என் வண்டி மேட்டுல திணறுது… எல்லோருக்கும் பதில் சொல்லி, மெஷினை விற்கப்போவதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தபோது, அவன் மழையில் நனைந்தபடி வேனின் எழுத்துகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவள் குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"ஜலதோஷம் பிடிக்கும், வேன்காரரே."

"ஒண்ணு சொல்லணும்," என்றான் சுரண்டுவதை நிறுத்தாமல். "தினமும் நான் வண்டிக்காக வரல. மறுநாள் காலையிலேருந்தே உங்களுக்காகத்தான் வந்தேன். உங்க அத்தைக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

குடையின் மேல் மழை. தப்பு செய்துவிட்டோமோ என்று திரும்பினான். ஊரையே நேர்மைப் பாடம் கேட்க வைத்தவள், மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குடைக் கம்பியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். அதெல்லாம் அவ்வளவு நேரம் ஊறாது."

"எது?"

"இன்ஜெக்டர். முதல் நாள் ராத்திரியே சுத்தமாகி, துடைச்சு, மேஜைக்குள்ள வெச்சுட்டேன்."

"அப்ப… தொட்டியில தினமும் ஊறினது?"

"வெறும் தண்ணி."

அவன் கையிலிருந்த சுரண்டும் தகடு கீழே விழுந்தது.

"ரெடின்னு சொல்லியிருக்கலாமே…"

"சொன்னா," என்றாள் அவள், கண்களை நிமிர்த்தாமல், "மறுநாள் வரமாட்டீங்களே."