ஹெட்போனில் இருந்த சூடு

ஹெட்போனின் மெத்தைகள் சூடாக இருந்தன. ஊரின் மறுகோடியில் ஹிஞ்சேவாடியிலிருந்து வந்த கம்பெனி வண்டி அவனை ஹடப்சரில் வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போயிருந்தது. ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரர்களின் கம்ப்யூட்டர் வியாதிகளுக்குப் போனில் வைத்தியம் பார்த்த களைப்பில், ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்த வாசுதேவன், மாட்டிக்கொள்ள எடுத்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். யாரோ இப்போதுதான் கழற்றி வைத்த சூடு. மனைவி விசாலம் பாட்டுக் கேட்டிருப்பாள் என்று நினைத்தான். பாவம், அவளுக்கும்தான் வேறு என்ன சுகம்.

அவள் ஸ்கூல் டீச்சர். அவன் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். "அம்மு இன்னும் எழுந்துக்கல, குக்கர் அடுப்புல இருக்கு," என்பாள், வாசற்படியில் சாவி கைமாறும், அவ்வளவுதான் குடித்தனம். மத்தியானம் அவள் திரும்பும்வரை மூன்றரை வயது அம்மு அவன் பொறுப்பு. அப்புறம்தான் அவன் படுக்கலாம். படுத்தாலும் தூக்கம் வந்தால்தானே? பக்கத்துக் கட்டடத்தில் டிரில் ஓடும், கீழே ஸ்கூட்டர்கள் உறுமும், கண் மட்டும் எரிந்துகொண்டே கிடக்கும்.

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரு சனிக்கிழமை புத்வார் பேட்டில் கடை கடையாக ஏறி இறங்கினான். புது ஹெட்போன்கள் சிலது மூக்குக்கண்ணாடிக் காம்பை மண்டையோடு அழுத்தின. சிலதில் வயலின் ஊசியாகக் குத்தியது. கடைசியில் ஒரு சின்னக் கடையில் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், ஏற்கெனவே யாரோ உபயோகித்தது, மெத்தைகள் பழகிப்போன தலையணைபோல இருந்தன. கூடவே ஒரு தகரப்பெட்டி ஆம்பிளிஃபயர், கடைக்காரரே ஜோடித்தது, விலை குறைச்சல். வீணைத்தந்தியின் அடிநாதம் அதில் உருண்டு வந்தது, பாடுகிறவள் காதோரம் உட்கார்ந்து பாடுகிறமாதிரி இருந்தது, வாசுதேவன் அங்கேயே நின்றபடி ஒரு நிமிஷம் கண்ணயர்ந்துவிட்டான். யார் வைத்திருந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர் கையை விரித்தார்.

தூக்கம் வந்தது. அந்த நன்றியில் வேறு எதையும் அவன் கவனிக்கவில்லை. அம்மு எழுந்திருப்பதற்கு முன் காலையிலும் கொஞ்சம் கேட்டான். எடுத்தபோதெல்லாம் அது சூடாகத்தான் இருந்தது. பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். கூப்பிட்டால் அம்மு திரும்புவதில்லை.

முதலில் பிடிவாதம் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். தட்டைக் கீழே போட்டுப் பார்த்தான் வாசுதேவன். அவள் கிரேயானை உருட்டிக்கொண்டு இருந்தாள். காது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் மெஷின் வைத்துப் பார்த்தார், மணி அடித்துப் பார்த்தார், அங்கே அம்மு ஒவ்வொன்றுக்கும் டாண் டாண் என்று திரும்பினாள். காதில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார். ரிக்‌ஷாவில் திரும்பும்போது பாட்டுக்கூடப் பாடினாள். வீட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. அதைப் பற்றி உட்கார்ந்து பேச இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது ஏதாவது பேசவேண்டுமே என்றுதான் வாசுதேவன் கேட்டான்.

"கார்த்தால நீயும் கேக்கறியே, நன்னாருக்கா?"

"எதை?"

"ஹெட்போனை."

விசாலம் நிமிர்ந்தாள். "எனக்கு ஏது நேரம்? மத்தியானம் வந்து எடுத்து வெக்கறதோட சரி. நீங்கதான் விடாம கேக்கறேள்னு நெனச்சேன். எப்பவும் சுடறதே."

"மத்தியானமா?" அவன் குரல் இறங்கியது. "அம்மு எழுந்ததுமே நான் கழட்டிடறேனே."

இரண்டு பேரும் சோபாவைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் அவன் அவள் என்று நினைத்தான், அவள் அவன் என்று நினைத்தாள். உட்கார்ந்து ஒரு வாய் பேசியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். வாசுதேவன் கையிலிருந்த துணியைப் போட்டான். ஒயரைப் பிடுங்கினான். ஆம்பிளிஃபயரையும் ஹெட்போனையும் ஒரு பையில் திணித்து, கீழே குப்பை வண்டிக்காரனிடம் கொடுத்து, வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தான். அன்றைக்கு விசாலம் அம்முவை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

மறுநாள் காலை. நல்ல வெயில். விசாலம் கிளம்பிப் போயாயிற்று. கீழே காய்கறிக்காரன் மராத்தியில் கூவிக்கொண்டிருந்தான், எங்கோ தாளிக்கிற வாசனை. அம்மு எழுந்து, உள்ரூம் தரையில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மு."

திரும்பவில்லை.

"அம்முக்குட்டி, அப்பா வந்திருக்கேன் பாரு."

குரலை உயர்த்தினான். இன்னும் உயர்த்தினான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, அந்த மராத்திக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது.

கிட்டே போனான். வெயில் அவள் தலையில் விழுந்தது. காதோரத்து முடி, இரண்டு பக்கமும், படிய அமுங்கியிருந்தது. காற்றில் மற்ற முடி ஆடியது. அது ஆடவில்லை.

மண்டியிட்டான். கையை நீட்டினான்.

கை காதைத் தொடவில்லை.

அதற்கு முன்னாலேயே ஏதோ தட்டுப்பட்டது. மெத்தென்று. வெதுவெதுப்பாக, ஹெட்போனில் இருந்த அதே சூடு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, குழந்தையின் காது மட்டும் தெரிந்தது. தடவினான். ஒரு கணு. அடுத்த கணு. நகம்.

அந்தப் பக்கமும் அப்படியே.

வாசுதேவன் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். நெம்பினான். இழுத்தான். அவை இன்னும் இறுகின.

அம்மு திரும்பினாள். முகம் வலியில் கோணியது. வாயைப் பிளந்து கத்தினாள். தான் கத்துவது தனக்கே கேட்காததால், எங்கே நிறுத்துவதென்று குழந்தைக்குத் தெரியவில்லை.